புது வெர்ஷன் போட்டதும் நாய்ஸ் ஃப்ளோர் 17 டிபி ஏறிவிட்டது!

குளச்சல் கேட்பவன் | மார்ச் 7, இரவு 9:48

வணக்கம். விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது. மூன்று வருடமாக ஒரே எஸ்டிஆர் (கணினி வழியாக ரேடியோ கேட்கும்) மென்பொருளைத்தான் ஓட்டுகிறேன். முந்தாநாள் அதன் புது வெர்ஷனை இறக்கி, பழையது கெட்டுவிடக் கூடாது என்று தனி ஃபோல்டரில் போட்டேன். திறந்து 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் ஸ்பெக்ட்ரத்தின் அடிக்கோடு, அதாவது நிலையம் எதுவும் இல்லாத இடத்து இரைச்சல் அளவான நாய்ஸ் ஃப்ளோர், மைனஸ் 81இல் நிற்கிறது. டிசம்பரில் பழைய வெர்ஷனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று கையில் இருக்கிறது. அதில் அதே இடம் மைனஸ் 98. பதினேழு டெசிபல் போய்விட்டது.

யுஎஸ்பியில் செருகும் ரிசீவர் டாங்கிள் அதேதான்: ஆர்டிஎல்2832யு, ஆர்820டி2 டியூனர். அதற்கு முன்னால், கீழ் அலைவரிசையை டாங்கிள் கேட்கும் உயரத்துக்கு ஏற்றும் 125 மெகாஹெர்ட்ஸ் அப்கன்வர்ட்டர். மாடியிலிருந்து தென்னைக்கு இழுத்துக் கட்டிய 20 மீட்டர் டைபோல் ஆன்டெனா. கேபிள்கூட மாற்றவில்லை. சாம்பிள் ரேட் இரண்டிலும் விநாடிக்கு 2.4 மில்லியன். ஒக்கி புயல் சமயம் சித்தப்பா கடலில் இருந்தார். 2017 நவம்பருக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு ரேடியோ ஓடாத நாள் கிடையாது. அதனால்தான் இவ்வளவு பதற்றம். டாங்கிள் போய்விட்டதா, மென்பொருள் கெட்டதா?

மார்த்தாண்டம் ரிப்பேர் கடை | மார்ச் 7, இரவு 10:05

புதுசு என்றாலே இப்படித்தான். பழசைத் திருப்பிப் போடு, ஜோலி தீர்ந்தது. நான் அப்டேட் பண்ணி இரண்டு வருடம் ஆகிறது. நிம்மதியாக இருக்கிறேன்.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 7, இரவு 10:31

தம்பி, முதலில் பயப்படாதே. டாங்கிள் கெட்டால் இரைச்சல் ஏறுவதைவிட நிலையம் காணாமல் போவதுதான் அதிகம். நிலையங்கள் கேட்கின்றனவா?

அப்புறம் இரண்டு வெர்ஷனிலும் இந்த எண்களைப் பார்த்து எழுது. எஃப்எஃப்டி (சிக்னலை அலைவரிசை வாரியாகப் பிரிக்கும் கணக்கு) அளவு எவ்வளவு, எந்த விண்டோ (அந்தக் கணக்குக்கு முன் சிக்னல் துண்டின் ஓரங்களை மழுக்கும் வடிவம்), டியூனர் கெயின் (பெருக்கம்) எவ்வளவு, ஆவரேஜ் எத்தனை. இவை இல்லாமல் 'ஃப்ளோர் மைனஸ் 98' என்று சொல்வது, எந்த ஊர், எந்த எடை என்று சொல்லாமல் 'மீன் முந்நூறு ரூபாய்' என்பது மாதிரி.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 7, இரவு 11:12

நிலையங்கள் கேட்கின்றன சார். கொஞ்சம் மங்கலாகக் கேட்கிற மாதிரி தோன்றுகிறது. மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

எண்கள்: பழையதில் எஃப்எஃப்டி 65536, பிளாக்மேன்-ஹாரிஸ். புதியதில் 4096, ஹான். பழையதில் எப்போதோ நானே மாற்றி வைத்து மறந்திருக்கிறேன். தனி ஃபோல்டரில் போட்டதால் பழைய அமைப்பு எதுவும் கூட வரவில்லை போல. கெயின் ஸ்லைடரை இரண்டிலும் ஒரே இடத்தில்தான் வைத்தேன். ஆவரேஜும் இரண்டிலும் ஒன்றுதான், பார்த்துவிட்டேன்.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 8, காலை 6:20

பாதிக்கு மேல் இங்கேயே கிடைத்துவிட்டது.

எஃப்எஃப்டி உன் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுகிறது. 65536 ஆக வெட்டினால் ஒரு கட்டத்தின் அகலம் 36.6 ஹெர்ட்ஸ். 4096 என்றால் 586 ஹெர்ட்ஸ். பதினாறு மடங்கு. திரையில் நீ பார்க்கும் அடிக்கோடு மொத்த இரைச்சல் இல்லை, ஒரு கட்டத்துக்குள் விழுந்த இரைச்சல் மட்டும்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிது. முற்றத்தில் பெய்யும் மழையை உருளி வைத்துப் பிடித்தால் நிறைய விழும், டம்ளர் வைத்தால் கொஞ்சம்தான். இரைச்சல் அந்த மழை. ஆனால் உடைந்த ஓட்டிலிருந்து ஒரே இடத்தில் ஒழுகும் தாரை இருக்கிறதே, அதற்கு உருளி வைத்தாலும் டம்ளர் வைத்தாலும் அதே தண்ணீர்தான். கேரியர், அதாவது ஒரே அலைவரிசையில் நிற்கும் சிக்னல், அந்தத் தாரை. ஆகவே கட்டம் 16 மடங்கு அகலமானால் இரைச்சல் 12.04 டெசிபல் ஏறும், கேரியர் அசையாது.

விண்டோ இதை எதிர்ப்பக்கம் கொஞ்சம் இழுக்கும். பிளாக்மேன்-ஹாரிஸின் இரைச்சல் அகலம் 2 கட்டம், ஹானுக்கு 1.5. அந்த வகையில் புதியதில் 1.25 டெசிபல் குறைய வேண்டும். 12.04இல் 1.25 போனால் 10.8. உன் பதினேழில் இவ்வளவும் வெறும் படம். டாங்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மீதி 6 டெசிபல் சொச்சம். அதை இன்னும் நான் நம்பவில்லை.

மார்த்தாண்டம் ரிப்பேர் கடை | மார்ச் 8, காலை 8:02

எட்டு பிட் டாங்கிளை வைத்துக்கொண்டு 6 டிபி-க்கு இவ்வளவு கணக்கா? நல்ல 14 பிட் ரிசீவர் ஒன்று வாங்கினால் தீரும். இல்லையென்றால் ஆன்டெனாவில் ஒரு எல்என்ஏ (சொந்த இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயர்) போடு.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 8, காலை 8:40

கடைக்காரரே, 7 மெகாஹெர்ட்ஸில் எல்என்ஏவா? உள்ள இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கி எட்டு பிட்டை முழுக்க நிரப்பிவிடும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-ஆர் பி.372 என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் எங்கே எவ்வளவு இருக்கும் என்று அதில் சூத்திரம் உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு 72.5இலிருந்து, மெகாஹெர்ட்ஸில் சொன்ன அலைவரிசையின் மடக்கையை 27.7ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் சுமார் 49 டெசிபல் வருகிறது. அறை வெப்பநிலையில் ஒரு மின்தடை தரும் இரைச்சலைவிட அவ்வளவு மேலே. 2.4 கிலோஹெர்ட்ஸ் குரல் அகலத்தில் அது மைனஸ் 91 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை பூஜ்யமாக வைத்து எண்ணுவது), அதாவது சிக்னல் பலம் காட்டும் எஸ்-மீட்டரில் எஸ்6. கிராமத்துக்கு 67.2 என்று தொடங்கிப் போட்டாலும் எஸ்5 வந்துவிடுகிறது. ரிசீவரின் சொந்த இரைச்சல் 6 டெசிபலா 10 டெசிபலா என்பதெல்லாம் இந்தக் கூச்சலில் காதில் விழாது. இங்கே பணம் போட்டால் ஆன்டெனாவிலும், கேபிளில் மாட்டி இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட்டிலும்தான் போட வேண்டும்.

இன்னொன்று. தம்பி சொல்லும் மைனஸ் 98, மைனஸ் 81 எல்லாம் டிபிஎம் கிடையாது. டாங்கிளில் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி நிரம்பும் அளவை பூஜ்யமாக வைத்து அங்கிருந்து கீழே எண்ணுவது. கெயினைக் கூட்டினால் அதுவும் ஏறும். அந்த எண்ணை மட்டும் வைத்து என் ரேடியோ நல்லது, உன் ரேடியோ மோசம் என்று யாரும் சண்டைக்குப் போகக் கூடாது.

ஆறாம் செமஸ்டர் | மார்ச் 8, பிற்பகல் 1:15

நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறேன், இசிஇ. இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு வேறொரு விசித்திரம் நடக்கிறது. ஸ்பெக்ட்ரத்தை ஜூம் செய்தால் அடிக்கோடு நாலைந்து டிபி கீழே இறங்குகிறது. வெளியே வந்தால் ஏறுகிறது. எஃப்எஃப்டி அளவை நான் தொடவே இல்லை. சார் சொன்ன கணக்கில் இது எங்கே வருகிறது?

குளச்சல் கேட்பவன் | மார்ச் 8, பிற்பகல் 1:32

அட, எனக்கும் அப்படித்தான்! சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 8, மாலை 4:50

நல்ல கேள்வி. 65536 கட்டத்தை 1366 புள்ளி அகலமுள்ள திரையில் வரைய வேண்டும். ஒரு புள்ளிக்கு 48 கட்டம். பல மென்பொருள்கள் அந்த 48இல் மிக உயர்ந்ததை மட்டும் எடுத்து வரையும். இல்லாவிட்டால் ஒல்லியான சிக்னல் திரையில் தொலைந்துவிடும். 48 பேர் நிற்கும் வரிசையில் உயரமானவனை மட்டும் அளந்துவிட்டு 'இந்த ஊர்க்காரர்கள் ஆறரை அடி' என்று சொல்வது போன்றதுதான். ஆவரேஜ் இல்லாத ஒற்றைச் சட்டத்தில் இது உண்மையான சராசரியைவிட சுமார் 6.5 டெசிபல் மேலே காட்டும். ஜூம் செய்தால் ஒரு புள்ளிக்கு ஒன்றிரண்டு கட்டம்தான் வரும், அதனால் இறங்குகிறது. ஆவரேஜைக் கூட்டினாலும் கட்டங்களுக்குள் ஏற்ற இறக்கம் குறைந்து இந்த வித்தியாசம் சுருங்கும்.

ஆகவே அடிக்கோட்டை வாசிக்கும்போது நன்றாக ஜூம் செய்து, ஆவரேஜை உச்சத்தில் வைத்து வாசியுங்கள். குளச்சல் தம்பி, உன் டிசம்பர் படம் ஜூம் செய்ததா?

குளச்சல் கேட்பவன் | மார்ச் 8, மாலை 5:10

ஆமாம் சார். 100 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். ஆவரேஜ் ஸ்லைடரும் கடைசி வரை தள்ளியிருக்கிறது. முந்தாநாள் பார்த்ததும் அதே மாதிரிதான்.

முப்பந்தல் காற்று | மார்ச் 8, இரவு 8:25

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன், ரேடியோ பொழுதுபோக்கு. ஒரு சின்னக் கேள்வி. மார்ச் இரவில் பார்த்ததை டிசம்பர் ஸ்கிரீன்ஷாட்டோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? பழைய வெர்ஷன் இன்னும் லேப்டாப்பில் இருக்கிறது அல்லவா. இன்றைக்கே, இப்போதே அதைத் திறந்து பார்த்தால் என்ன?

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 8, இரவு 8:41

இதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கணக்கு போடுகிற உற்சாகத்தில் விட்டுவிட்டேன்.

கூடவே இதையும் செய் தம்பி. ஒரு 7.159 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு பிசி547, இரண்டு கெப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி. சின்ன ஆசிலேட்டர். தகர டப்பாவுக்குள் வைத்து மூடி, தோட்டத்தின் மூலையில் போடு. கசிவதே போதும். அது மாறாத சிக்னல். இரண்டு வெர்ஷனிலும் அதன் உச்சியையும் பக்கத்து அடிக்கோட்டையும் எழுது. கேரியரும் இரைச்சலும் சேர்ந்து ஏறினால் கெயினோ அளவுகோலோ மாறியிருக்கிறது. இரைச்சல் மட்டும் ஏறினால் ஒன்று கட்ட அகலம், இல்லை நிஜ இரைச்சல்.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 10, இரவு 10:20

ஆசிலேட்டர் தயார். கிரிஸ்டல் பழைய போர்டு ஒன்றிலிருந்து கழற்றியது. டப்பா, அம்மாவின் காலியான தேங்காயெண்ணெய் டின். 'மூடியைக் காணோமே' என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார், இப்போதுதான் ஒப்புக்கொண்டேன். பலாமரத்தடியில் வைத்திருக்கிறேன்.

இன்று இரவு, அரை மணி நேரத்துக்குள் மாற்றி மாற்றி எடுத்தது:

பழைய வெர்ஷன்: கேரியர் மைனஸ் 52, அடிக்கோடு மைனஸ் 94.
புது வெர்ஷன்: கேரியர் மைனஸ் 50, அடிக்கோடு மைனஸ் 81.

பழைய வெர்ஷனும் மைனஸ் 98 காட்டவில்லை. நாலு டிபி ஏறித்தான் இருக்கிறது. மூன்று முறை மூடித் திறந்து பார்த்துவிட்டேன்.

கெயினையும் எண்ணாகப் பார்த்தேன். பழையதில் 40.2, புதியதில் 42.1. ஸ்லைடர் கண்ணுக்கு ஒரே இடம், உள்ளே ஒரு படி தள்ளி.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 10, இரவு 10:52

அப்படிச் சொல்லு! ஆர்820டி2 கெயின் 0 முதல் 49.6 வரை 29 படிகளில் ஏறும். படிகள் சமமான உயரம் இல்லை. 40.2க்கு அடுத்தது 42.1. கேரியர் 2 டெசிபல் ஏறியது அதனால்தான். கட்டமும் விண்டோவும் 10.8, கெயின் 1.9. கூட்டினால் 12.7. நீ இன்று அளந்த வித்தியாசம் 13. திரையில் கண்ணால் வாசிப்பதற்கு இதைவிடச் சரியாக வராது.

புது வெர்ஷன் மேல் போட்ட வழக்கு ஏறக்குறைய தள்ளுபடி. முழுக்கத் தள்ளுபடி ஆக வேண்டுமானால் இன்னும் ஒன்று: ஐக்யூவை, அதாவது டாங்கிள் தரும் மூல எண்களை, ஒரு நிமிடம் பதிவு செய். 16 பிட்டில் 576 எம்பி வரும், இடம் பார்த்துக்கொள். அதே கோப்பை இரண்டு வெர்ஷனிலும், ஒரே எஃப்எஃப்டி, ஒரே விண்டோ வைத்து ஓட்டு. கோப்பிலிருந்து ஓடும்போது டாங்கிளும் இல்லை, டிரைவரும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை. அப்போதும் வித்தியாசம் வந்தால் மென்பொருளின் கணக்கில்தான் இருக்க வேண்டும். உதாரணமாக ஒன்று சக்தியைச் சராசரி எடுத்து, மற்றது டெசிபலைச் சராசரி எடுத்தால், அதிலேயே 2.5 டெசிபல் வந்துவிடும்.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 11, காலை 7:05

செய்தேன். அதே கோப்பு, இரண்டிலும் 65536, பிளாக்மேன்-ஹாரிஸ். பழையது மைனஸ் 94.1. புதியது மைனஸ் 94.3.

புது வெர்ஷனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மார்த்தாண்டம் ரிப்பேர் கடை | மார்ச் 11, காலை 9:30

சரி, அது நிரபராதி என்றே வைத்துக்கொள்வோம். அந்த 4 டிபி எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லவில்லையே யாரும்.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 11, காலை 10:14

எனக்கு மண்டைக்காடு கோயில் கொடை விழா மேல்தான் சந்தேகம். ரோடு முழுக்க எல்இடி சீரியல் லைட். எங்கள் தெரு முனை வரை தொங்குகிறது. மாசிக் கொடை டிசம்பரில் கிடையாதே!

ஆறாம் செமஸ்டர் | மார்ச் 11, காலை 10:40

லேப்டாப் சார்ஜர்? சுவிட்சிங் சார்ஜர் என்றால் வாட்டர்ஃபாலில் (ஸ்பெக்ட்ரம் நேரத்தோடு கீழே ஓடும் படத்தில்) சம இடைவெளியில் மங்கலான மேடுகள் தெரியும், மெல்ல நகரும்.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 11, காலை 11:25

ஊகம் எல்லாம் இருக்கட்டும். முதலில் ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாக அப்கன்வர்ட்டரில் 50 ஓம் டம்மி லோடு (வெறும் மின்தடை) போடு. சார்ஜரைப் பிடுங்கி ஒரு முறை, செருகி ஒரு முறை. இனி எல்லாம் ஒரே வெர்ஷன், ஒரே அமைப்பு, கெயின் 40.2. இந்த இழை முடியும் வரை ஸ்லைடரைத் தொட்டால் கையில் அடி.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 11, இரவு 9:15

டம்மி லோடு போட்டால் மைனஸ் 104. சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுவே. ஆன்டெனா மாட்டினால் மைனஸ் 94. அப்போது சார்ஜரைப் பிடுங்கினால் அரை டிபி இறங்குகிறது, அவ்வளவுதான். மெயின் சுவிட்சை இறக்கி, வீட்டையே இருட்டாக்கி, பேட்டரியில் பார்த்தேன். மைனஸ் 94.5. தங்கச்சிக்குப் பரீட்சை நேரம், திட்டு விழுந்தது.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 11, இரவு 9:40

அருமையான எண்கள். ஆன்டெனா மாட்டியதும் 10 டெசிபல் ஏறுகிறது என்றால் ரிசீவர் போதுமான அளவுக்குக் கேட்கிறது. என்னைக் கேட்டால், அடிக்கோடு எவ்வளவு கீழே என்று பார்ப்பதைவிட இந்த ஏற்றத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். ஏறவே இல்லை என்றால் கெயின் போதவில்லை, எட்டு பிட்டின் சொந்த இரைச்சலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 25 டெசிபல் ஏறினால் கெயின் அதிகம், பலமான நிலையம் வந்ததும் ஏடிசி நிரம்பிவிடும்.

நாலு டெசிபல் உன் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஏஎம் மோடில் வைத்து, காலியான இடத்தில் கேள். என்ன சத்தம்?

குளச்சல் கேட்பவன் | மார்ச் 11, இரவு 10:02

'ட்ர்ர்ர்' என்று ஒரே சுருதி. பலகாரக் கடையில் எண்ணெய் காய்ந்து பொரிகிற மாதிரி, ஆனால் தாளத்தோடு. ஆடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முள்.

முப்பந்தல் காற்று | மார்ச் 11, இரவு 10:30

50 ஹெர்ட்ஸ் கரண்டில் அரைச் சுற்றுக்கு ஒரு முறை பொறி தட்டினால் விநாடிக்கு 100. பத்து மில்லிசெகண்ட் சரியாகப் பொருந்துகிறது. சீரியல் லைட் இல்லை, இது கம்பத்து விவகாரம்.

காற்றாலைக்கு வருவதற்கு முன் கடற்கரைப் பக்கம் லைன் வேலை பார்த்தவன் நான். கடற்காற்று அடிக்க அடிக்க பீங்கான் இன்சுலேட்டரில் உப்பு படியும். மழை இல்லாத மாதங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும். பின்னிரவுப் பனி இறங்கியதும் அந்த உப்பு ஈரமாகி கரண்ட் கசியும், ஸ்ஸ் என்று இரையும். சில நாள் நீலமாக மினுக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிசம்பரில் உங்கள் பக்கம் நல்ல மழை, எல்லாம் கழுவிப் போயிருக்கும். ஒரு மழை பெய்தால் தெரிந்துவிடும்.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 17, காலை 6:45

கொடை முடிந்து தெருவில் ஒரு லைட்கூட இல்லை. மைனஸ் 94தான். லைட்டுக்காரர்களிடமும் ஒரு மன்னிப்பு.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 22, காலை 6:10

ராத்திரி மழை! ஒரு மணி நேரம் கொட்டியது. எழுந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன். மைனஸ் 97.8. அந்த 'ட்ர்ர்' சுத்தமாக இல்லை. ஹாம்கள் கூடிப் பேசும் காலை நெட்டில், போன வாரம் மூச்சு விடுகிற மாதிரிக் கேட்ட ஒருவர் இன்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். காற்று அண்ணே, உப்புதான். நீங்கள் சொன்னபடியே ஆயிற்று!

மார்த்தாண்டம் ரிப்பேர் கடை | மார்ச் 22, காலை 8:15

ஆக மொத்தம் சாப்ட்வேர் பிரச்சினைக்கு மழை பெய்தால் போதும். நல்லது.

முப்பந்தல் காற்று | மார்ச் 22, காலை 9:50

கொஞ்சம் பொறுங்கள். மழையில் இரைச்சல் நிற்பதற்கு இரண்டு காரணம் உண்டு. உப்பு கழுவிப் போயிருந்தால் வாரக்கணக்கில் திரும்பி வராது. ஆனால் கம்பத்தில் எங்காவது கட்டுக்கம்பி தளர்ந்து, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்திருந்தாலும் பொறி தட்டும். ஈரம் அந்த இடைவெளியை இணைத்துவிடும், அப்போது சத்தம் நிற்கும். வெயில் காய்ந்ததும் அது திரும்ப வரும். இன்றும் நாளையும் பார்த்துச் சொல்லுங்கள். பனி இறங்கும் நேரத்தில் அதிகமா, உச்சி வெயிலில் அதிகமா என்பதையும் கவனியுங்கள்.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 23, பிற்பகல் 2:40

வந்துவிட்டது. நேற்று மாலை வரை அமைதி. இன்று காலை பனியிலும் அமைதி. பதினோரு மணி வெயில் ஏறியதும் விட்டு விட்டுத் தொடங்கியது, இப்போது முழுசாக மைனஸ் 94.

முப்பந்தல் காற்று | மார்ச் 23, மாலை 6:05

அப்படியானால் உப்பு இல்லை. நான் சொன்னது தப்பு. தளர்ந்த கட்டுதான்.

கம்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் தேடாதீர்கள். அந்த அலைவரிசையில் இரைச்சல் கம்பி வழியாகவே ஓடும், தெரு முழுக்க ஒரே மாதிரிக் கேட்கும். ஏஎம்மில் 120 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்கிற கைரேடியோ இருந்தால் எடுத்துக்கொண்டு நடங்கள். அது பக்கத்துக் கம்பத்தில்தான் பலமாகக் கேட்கும். பலமான இடத்தில் நின்று இன்னும் மேல் அலைவரிசைக்குப் போய்ப் பாருங்கள். சந்தேகம் தீரும். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கம்ப எண்ணை எழுதிக்கொண்டு லைன்மேனிடம் சொன்னால் போதும்.

தக்கலை 40 மீட்டர் | மார்ச் 23, மாலை 6:30

கேட்டுக்கொண்டேயிருக்கிறேன். மென்பொருளில் தொடங்கிக் கம்பத்தில் ஏறிவிட்டோம். தம்பி, கெயினை இன்னும் தொடவில்லையே?

குளச்சல் கேட்பவன் | மார்ச் 23, மாலை 6:34

40.2 சார். ஸ்லைடர் மேல் ஸ்டிக்கர் ஒட்டாத குறை.

குளச்சல் கேட்பவன் | மார்ச் 25, மாலை 5:50

கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கம்பம், ரேஷன் கடைக்குப் பின்னால். வேறு கம்பங்களுக்கு அடியில் ரேடியோ முணுமுணுக்கிறது, இதற்கு அடியில் கத்துகிறது. 300 மெகாஹெர்ட்ஸ் தாண்டியும் கேட்டது. வெயிலில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாக நின்றதைப் பார்த்து ஒரு பாட்டி, 'மக்களே, எந்தக் கம்பெனி டவர் போடப் போறீங்க?' என்று கேட்டார்.

லைன்மேனிடம் எண்ணைக் கொடுத்தேன். ரேடியோ என்றதும் முதலில் சிரித்தார். 'இந்தக் கம்பத்தில் ராத்திரி தீப்பொறி பார்த்ததாக இன்னொருத்தரும் சொன்னார்' என்று அவரே பிறகு சொன்னார். அடுத்த முறை லைன் ஆஃப் செய்யும்போது ஏறிப் பார்க்கிறாராம்.

நெறியாளருக்கு: தலைப்பை மாற்ற வேண்டாம். என்னை மாதிரி அலறியடித்து வருகிறவர்கள் இந்த வார்த்தைகளைத்தான் போட்டுத் தேடுவார்கள்.

ஆறாம் செமஸ்டர் | மார்ச் 25, இரவு 7:20

அண்ணே, அந்த 7.159 கிரிஸ்டல் எந்தப் போர்டில் இருந்தது? நாகர்கோவிலில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், கிடைக்கவில்லை.

மார்த்தாண்டம் ரிப்பேர் கடை | மார்ச் 25, இரவு 7:45

என் கடைக்கு வா மக்கா. பழைய போர்டு ஒரு மூட்டை கிடக்கிறது, நீயே தேடி எடுத்துக்கொள். பழைய மானிட்டர் கேபிளில் இருந்து வெட்டிய ஃபெரைட்டும் ஒரு டப்பா இருக்கிறது, குளச்சல்காரருக்கும் சேர்த்து வாங்கிப் போ. ஞாயிறு கடை கிடையாது.